ரோமாபுரி அடித்த காசு

பவித்ரா, பிரவீன்,

டிவி ஸ்டாண்டில் இருக்கும் என் போட்டோவைக் காட்டி, "ஏம்ப்பா இப்படி முழிச்சுக்கிட்டு இருக்கே, பேயைப் பாத்தியா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலேயே கேட்கிறீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். இந்தத் தடவை பதில் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவுக்குப் போன தமிழர்களில் ரோம் ராஜாவோடு தினமும் பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ரூமில் மேல்கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது பாஸ்போர்ட்டில் இருந்தது, பாஸ்போர்ட் ஆபீஸ் பீரோவில் இருந்தது. அதனால் அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தியதில்லை. எங்களுக்கு அவர் ரோமாபுரி அண்ணன். பட்டறை போர்மேன் கான் பாய்க்கு ரோமா பாய். நாங்கள் தங்கியிருந்த குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸாக இருந்த மலையாளிக்கு வெறும் ரோமா.

ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து ஜல்லியாக்கும் குவாரி அது. பவித்ரா அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். பிரவீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததாக உங்கள் அம்மா போனில் சொன்னாள். நான் கிரஷரில் வேலை. ஒரு பக்கம் பாறை போகும், மறுபக்கம் ஜல்லி வரும், நடுவில் கிளம்புகிற தூசியெல்லாம் என் மேல் வரும். ரோமாபுரி அண்ணன் பட்டறையில் இருந்தார். அங்கே ஸ்பேனர், கட்டர் எது வேண்டுமானாலும் சும்மா தரமாட்டார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் அவன் நம்பர் பதித்த வட்டமான பித்தளை டோக்கன் உண்டு. டோக்கனை ஸ்டோர் ஆணியில் மாட்டிவிட்டு சாமானை எடுக்க வேண்டும், சாமானைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த டோக்கன்களை வெட்டி, கையால் சுற்றும் பிரஸ்ஸில் வைத்து நம்பர் அடிப்பதுதான் அண்ணன் வேலை. டோக்கன் என்று நாங்கள் சொல்வோம். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "இன்னிக்கு முப்பது காசு அடிச்சேன்" என்பார்.

அதற்குக் காரணம் அவர் இடுப்பு பெல்ட்டில் தைத்து வைத்திருந்த ஒரு நிஜக் காசு.

அண்ணனுக்கு ஊர் கரூர். வாலிபத்தில் அமராவதி ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் மணலைச் சலிக்கப் போனவருக்கு அது கிடைத்திருக்கிறது. பழைய ஒரு பைசா அளவுதான். வெண்கலம், பச்சை பூத்துப்போனது. ஒரு பக்கம் ராஜா தலை, கண் மட்டும் முகத்துக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். மறுபக்கம் ஒரு சிப்பாய், குதிரையிலிருந்து விழுகிற எதிரியை ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும் எழுத்து. கரூரில் பழங்காசு சேர்க்கிற ஒரு கடைக்காரர் இதை விலைக்குக் கேட்டுவிட்டு, ஆசை காட்டுவதற்காக ஒரு மத்தியானம் முழுக்க அதன் கதையைச் சொன்னாராம். கதை பிடித்துப்போனதால் அண்ணன் காசை விற்கவில்லை. எங்களுக்கு அவர் சொன்னதில் பாதி அந்தக் கடைக்காரர் சொன்னது, மீதி இவர் சேர்த்தது. எது எது என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

"இங்க என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா கண்ணு?" என்று என்னிடம் முதல் நாளே கேட்டார்.

"தெரியாதுண்ணே."

"நல்ல காலம் திரும்பி வந்துருச்சுன்னு எழுதியிருக்குது."

"நல்லதுதானேண்ணே."

"என்ன நல்லது? நல்ல காலம் வந்தா நமக்கே தெரியாதா, காசுல அடிச்சுச் சொல்லோணுமா? அன்னிக்கு அங்க எல்லைல அடி, உள்ளாற சண்டை. ராஜா தூங்கி மாசக்கணக்காச்சு. அதனாலதான் அடிச்சிருக்கறான்."

ராஜா ஏன் தங்கத்தை விட்டுவிட்டு வெண்கலத்தில் சேதி சொன்னார் என்பதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. "தங்கக் காசை வியாபாரி பொட்டியில பூட்டி வெப்பான். வெள்ளிக் காசு பட்டாளத்துக்காரனோட போயிரும். வெங்கலந்தான் மீன்காரி கையில, ஆடு மேய்க்கறவன் கையில, பொடுசுங்க கையில எல்லாம் புழங்கறது. ராஜாவால ஒவ்வொரு ஊட்டுக்கும் வர முடியுமா? மூஞ்சியை அனுப்பிச்சுப்போடுவான். வயசே ஆகாத மூஞ்சி. பல்லு உழுந்தாலும் காசுல உழுகாது."

இந்தக் கண்ணோடுதான் அவர் உலகத்தையே பார்த்தார். வெள்ளிக்கிழமை கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நிற்பார். அந்த ஊர் ஒரு திர்ஹம் காசில் காபி கூஜா இருக்கும். "பாரு, தன்ற மூஞ்சியப் போடாம கூஜாவைப் போட்டிருக்கறாங்க. வர்றவனுக்கு உபசாரம் உண்டுங்கறது சேதி. பெரிய மனசு." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம வந்ததுல இருந்து அந்தக் கூஜாவைக் காசுலதான் பாத்திருக்கறோம், அது வேற கதை" என்பார். ஐம்பது காசில் எண்ணெய்க் கிணறு. அதற்கு விளக்கமே வேண்டாம். இருபத்தைந்தில் ஒரு மான். அது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பல வாரம் யோசித்தார். கடைசியில், "ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா அழகுக்குப் போட்டிருக்கறாங்க. எப்பப் பாத்தாலும் சேதியே சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?" என்று தீர்ப்புச் சொன்னார்.

கேம்ப் பாஸோடு அவருக்கு வந்த தகராறும் இதனால்தான். அந்த மலையாளி நல்ல மனிதர். கேம்ப் வாசலில் போர்டு வைத்து, கலர் சாக்பீஸில் அழகாக எழுதுவார். "நமது கேம்ப், மகிழ்ச்சியான கேம்ப்" என்று ஒருநாள் பூ வரைந்து எழுதினார். அண்ணன் அதைப் பார்த்தாரோ இல்லையோ, ரூமுக்கு ஓடி வந்து, "டேய், எல்லாரும் பக்கெட்டை எடுத்துத் தண்ணி புடிங்க" என்றார். காரணம் கேட்காமல் நாங்களும் பிடித்தோம். மறுநாள் தண்ணீர் லாரி வரவில்லை. குளிக்கக்கூட வழியில்லாமல் மற்ற ரூம்காரர்கள் தூசியோடு படுத்தார்கள்.

அடுத்த மாதம் "புதிய வசதிகள் விரைவில்" என்று போர்டு வந்தது. சாக்பீஸ் தூள் கீழே விழுவதற்குள் கேம்ப்பே பக்கெட்டோடு குழாயடியில் நின்றது. கேம்ப் பாஸுக்குத் தாங்கவில்லை.

"எடோ ரோமா, ஞான் நல்ல காரியமல்லே எழுதியது? எந்தினா எல்லாவரும் பக்கெட்டும் கொண்டு ஓடுன்னது?" எதற்கு எல்லோரும் ஓடுகிறார்கள் என்று கேட்டார்.

"சேட்டா, தண்ணி இருக்கறப்ப எவனாச்சும் தண்ணி இருக்குதுன்னு போர்டு வெப்பானா?"

கேம்ப் பாஸ் எழுதியதைத் துடைத்துவிட்டார். பிறகு போர்டில் தேதி மட்டும்தான் எழுதினார். பூவும் வரையவில்லை. எங்களுக்கும் கஷ்டமாகிவிட்டது. லாரி எப்போது வராது என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போய்விட்டது.

இப்படி ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவரிடம் ஒரு வேதனை இருந்தது. அவர் விமானம் ஏறிய பிறகு பிறந்த மகள். பாப்பா என்றுதான் சொல்வார். அவளை அவர் பார்த்ததில்லை, அவளும் அவரைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை கார்டு போட்டு, அடுத்த வீட்டுப் போனுக்குப் பேசுவார். "அப்பா எங்கே?" என்று யார் கேட்டாலும் அந்தக் குழந்தை அடுத்த வீட்டுப் போனைக் காட்டுமாம். அதைச் சொல்லி அவரே சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

போட்டோ அனுப்பிப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னது அவருக்குச் சரியாக விழவில்லை. ஸ்பீக்கரில் போட்டு எங்களையும் கேட்க வைத்தார்.

"ஏனுங்க, உங்க போட்டோவுக்கு பிரேம் போட்டு உங்கப்பா போட்டோ பக்கத்துல மாட்டிட்டேனுங்க. பாப்பா தெனமும் ரெண்டு பேருக்கும் பூ வெச்சுக் கும்பிடுதுங்க."

அண்ணனின் அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"அட சாமி, என்னையும் சேத்து அனுப்பிச்சுப்போட்டாளே" என்றார் ரிசீவரை வைத்துவிட்டு.  கேம்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் தொடையில் தட்டினார். "கண்ணு, சுவத்துல இருக்கறவன் செத்தவன். கையில புழங்கறவன்தான் உசுரோட இருக்கறவன். நான் காசு அடிக்கப்போறேன்."

லீவு கிடைக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் பாப்பாவுக்குத் தன் முகம் பழக வேண்டும். விமான நிலையத்தில் இறங்கும்போது அவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

லாரி ஆக்ஸிலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். டீ நேரத்தில் உட்கார்ந்து, ஊசி மாதிரி தீட்டிய உளியால் அதில் தன் முகத்தைத் இடவலம் மாற்றி அச்சாகச் செதுக்கினார். கான் பாய் அதை உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கொடுத்தார். பெஷாவர் பக்கத்து ஆள், பனைமரம் மாதிரி உயரம், பேச்சு குறைவு. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து சிவம் அண்ணனிடம் வெட்டுப்பட்டு வீணாய்ப்போன பித்தளை வட்டங்களைக் கேட்டு வாங்கினோம்.

"எடுங்கோ, எடுங்கோ. என்ர பித்தளையில உங்கட ராசா முடிசூடுறதெண்டா நான் மறிக்க ஏலுமே?" என்றார் சிவம் அண்ணன்.

முதல் காசை அடித்தபோது பட்டறையே கூடி நின்றது. பிரஸ் கைப்பிடியைக் கான் பாய் சுற்றினார். காசு விழுந்தது. அண்ணனை உரித்து வைத்த மாதிரி இருந்தது. மொட்டைத்தலை, சப்பை மூக்கு, இரண்டு பக்கமும் விரிந்த காது, எல்லாம் அப்படியே. உண்மையில் கைதேர்ந்த வேலை. கான் பாய் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"யே தோ மேரா சாச்சா ஹை" என்றார். இது எங்க சித்தப்பா.

நாங்கள் சிரித்த சிரிப்பில் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. காசை வாங்கிப் பார்த்தார். ஒரு கையால் தன் தலையைத் தடவினார். "ராஜா இப்படியா இருப்பான்?" என்று குப்பையில் வீசிவிட்டு, இன்னொரு ஆக்ஸில் துண்டை எடுத்தார்.

இரண்டாவது அச்சில் அவருக்கு அலை அலையாக முடி வந்தது. அதன் மேல் இலை மாலை வந்தது. மூக்கு நிமிர்ந்தது. காது ஒட்டிக்கொண்டது. கண் மட்டும் அந்த ரோம் ராஜாவுடையதை அப்படியே போட்டார், இரண்டு கோலிக்குண்டு அளவில். மறுபக்கம் அண்ணன் ஒரு காலைப் பாறை மேல் வைத்து, கையில் கடப்பாரையோடு நிற்க, பின்னால் மலை சரிகிறது. சுற்றிலும் தமிழில், "நல்ல காலம் வந்தாச்சு."

"அண்ணே, இது யாருண்ணே?" என்றேன்.

"அரசியல் உனக்குப் புரியாது கண்ணு" என்றார்.

கரூர், திருச்சி பக்கம் யார் லீவில் போனாலும் ஒரு காசு போகும். காசின் முன்பக்கம் ஒன்றேதான். பின்பக்கம் மட்டும் மாறும், ஏனென்றால் சேதி மாற வேண்டும். ஒன்றில் பேரீச்சை மரம், ஒன்றில் விமானம், ஒன்றில் காபி கூஜா. குழந்தைக்குப் பிடித்துவிட்டது. முதலில் சாமி என்று நினைத்துக் கற்பூரம் காட்டச் சொன்னாளாம். "ராஜாக்களும் கடைசில அங்கதான் போயிச் சேந்தானுங்க" என்று அண்ணன் பெருமைப்பட்டார். பிறகு அம்மா விளக்கிச் சொன்னதும் அது அப்பா காசு ஆனது. தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள். ஒருநாள் பெட்டிக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய் நீட்ட, கடைக்காரர் விளையாட்டுக்கு அதை வாங்கிப் போட்டுக்கொண்டு கமர்கட் கொடுத்திருக்கிறார். வீட்டம்மா பதறிப்போய் ஓடி அதை மீட்டு வந்தாராம். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் ரூம் முழுவதற்கும் பெப்சி வாங்கிக் கொடுத்தார். "என்ற காசு செல்லுபடி ஆயிருச்சுடா. எத்தனை ராஜாவுக்கு ஊரு விட்டு ஊரு காசு செல்லும்?"

அந்த வருஷம் ஒரு கல் உருண்டு அவர் வலது பாதத்தில் விழுந்தது. மாவுக்கட்டோடு மேல்கட்டிலில் ஏற முடியாமல் என் கீழ்க்கட்டிலை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். கட்டோடு பட்டறைக்கு நொண்டிக்கொண்டே போய், அந்த மாதக் காசை அடித்தார். அதில் ராஜா குதிரை மேல் இருந்தார். குதிரையின் நாலு காலும் தரையில் இல்லை.

அப்புறம் அவருக்குக் காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்த சமயத்தில் காசில் சிங்கத்தோடு சண்டை போட்டார். சிங்கம் மல்லாந்து கிடந்தது. கேம்ப் பாஸ் போர்டை எங்களுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் காசையும் நாங்கள் அப்படியே படித்தோம். கப்பல் வந்தால் லேசான ஜலதோஷம். யானை வந்தால் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இந்தாளுக்கு வீட்டு ஞாபகம் முத்திப்போச்சு, ரெண்டு தலைக் கழுகு அடிக்கிறாரு" என்று ரூமில் குசுகுசுத்துக்கொள்வோம். அவர் காதில் விழும். கேட்காத மாதிரி உளியைத் தீட்டுவார்.

ஒருவழியாக லீவு வந்தது. மிக்ஸி, கம்பளி, டைகர் பாம், டேங் பவுடர் எல்லாம் போட்டு அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டினோம். கான் பாய் பெட்டியின் மேல் ஏறி நின்று முடிச்சை இறுக்கினார். சிவம் அண்ணன், "ராசா, ஊரில யானை மேலயோ போறியள், ஆட்டோவிலயோ?" என்று கேட்டு வழியனுப்பினார். அண்ணன் புதுச்சட்டை போட்டு, இல்லாத முடியை வாரிக்கொண்டு போனார்.

லீவு முடிந்து புதன்கிழமை திரும்பி வந்தார். வெள்ளிக்கிழமை, எங்கள் ரூமில் சமையல் முறை எனக்கும் அவருக்கும். கான் பாய் ரொட்டி கொண்டுவந்து எங்களோடு கறி சாப்பிடுகிற வழக்கம். நான் வெங்காயம் உரிக்க, அவர் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"திருச்சி ஏர்போர்ட்டுல வெளிய வந்தேன். பாப்பா அம்மா இடுப்புல இருந்துச்சு. கையில காசு. என்னையப் பாத்துச்சு. காசைப் பாத்துச்சு. மறுக்கா என்னையப் பாத்துச்சு. 'இது அப்பா இல்ல. அப்பாவுக்கு முடி இருக்கும்'னு சொல்லிப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு."

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நீ உரி" என்றார். "ஊட்டுக்குப் போனப்புறம் என்னைய மாமான்னு கூப்புட்டுச்சு. வந்த விருந்தாளின்னு நெனைச்சுக்கிச்சு. நல்ல புள்ள, மரியாதையா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு பக்கத்துல வந்து உக்காந்து, 'மாமா, எங்கப்பா காசு பாக்கறீங்களா?'ன்னு ஒண்ணொண்ணா எடுத்து வெச்சுச்சு. 'இதுல எங்கப்பா குதிரை ஓட்டறாரு பாருங்க'ங்குது. எனக்கு வலது கால் தானா வலிக்குது. 'இதுல சிங்கத்தை அடிச்சுப்போட்டாரு.' நானும் அப்படியான்னு கேட்டுக்கறேன். 'உங்கப்பா எப்ப வருவாரு?'ன்னு கேட்டேன். 'நல்ல காலம் வந்ததும் வருவாரு, காசுல எழுதியிருக்குதுல்ல'ன்னுச்சு."

கான் பாய்க்குத் தமிழ் தெரியாது. நான் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா என்று கூப்பிட்டதைச் சொன்னபோது அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு வாரம் அந்த ராஜா மேல எனக்குப் பொறாமைடா. நான் உருவாக்கின பய. என்ற சோத்தைத் தின்னுக்கிட்டு என்ற மகளோட தூங்கறான். நான் வெளித் திண்ணையில படுத்திருக்கறேன். அப்பறம் யோசிச்சேன். அந்தக் காலத்துல ஒரு ராஜாவை ஊருக்குப் புடிக்கலைன்னா என்ன பண்ணுவாங்க? காசுல இருக்கற மூஞ்சியத் தேய்ச்சுப்போடுவாங்க. கடைக்காரரு சொல்லியிருந்தாரு. சரி, ராஜாவை எறக்கிர வேண்டியதுதான்னு உப்புத்தாள் வாங்கியாந்தேன். 'பாப்பா, உங்கப்பா இப்ப முடி வெட்டிக்கிட்டாரு. காசுலயும் வெட்டிரலாமா?'ன்னு கேட்டேன். உடனே ஒத்துக்கல. ரெண்டு நாள் யோசிச்சுச்சு. அப்பறம் ஒரு காசு குடுத்துச்சு, கூஜாக் காசு. அது போனாப் பரவால்லைன்னு நெனைச்சிருக்கும்."

இருவரும் வாசலில் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். இலை மாலை போனது, முடி போனது. காசின் தலை வழுவழுப்பானதும் குழந்தை அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாளாம். பிறகு எழுந்து நின்று அவர் தலையைத் தடவிப் பார்த்தாளாம். மறுபடி காசு. மறுபடி தலை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அடுத்த காசைக் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு ஒரு காசுக்கு மேல் தரவில்லை. குதிரைக் காசைக் கடைசி நாள் வரை தரவில்லை.

"அதைக் குடுத்தப்ப லீவு முடிஞ்சு போச்சு கண்ணு" என்றார் அண்ணன். நறுக்கி முடித்த வெங்காயத்தையே மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தார். "ஏர்போர்ட்டுல கேட்டுக்கிட்ட நின்ன போலீஸ்காரருகிட்ட என்னையக் காட்டி, 'அப்பா போறாரு'ன்னு சொல்லுச்சு. மாமான்னு சொல்லல. அதுக்கு மேல திரும்பிப் பாத்தா பிளைட் ஏறியிருக்க மாட்டேன்."

 கான் பாய் தன் பைஜாமாப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். சாவிகளுக்கு நடுவில் ஓட்டை போட்டுக் கோத்த ஒரு பித்தளைக் காசு. மொட்டைத்தலை, சப்பை மூக்கு, விரிந்த காது. அன்றைக்கு வீசிய முதல் காசு. அவர் அதைக் குப்பையிலிருந்து எடுத்து இத்தனை நாள் வைத்திருந்திருக்கிறார்.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையே அனுப்பியிருக்கலாம்" என்றார். பிறகு, "கான் பாய், முஜே தேதோ. பேட்டி கோ பேஜேகா" என்று, மகளுக்கு அனுப்பக் கேட்டுக் கையை நீட்டினார்.

கான் பாய் சாவிக்கொத்தை எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "நஹி. மேரா சாச்சா ஹை."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாழாப்போன வெங்காயம்" என்றார். கான் பாய் ஊருக்குப் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் காசு அடிக்கவில்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் ஆபீஸில் புதுப்பிக்கச் சொன்னார்கள். இவர் கையெழுத்துப் போடவில்லை. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை கேட்டு வைத்திருந்தார். சம்பளம் குறைவு. "இனிமே மூஞ்சி அனுப்பறதில்ல. ராஜாவே நேர்ல போறாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிளம்புகிற அன்று கேம்ப் பாஸ் ரொம்ப நாள் கழித்துப் போர்டில் பூ வரைந்து, "ரோமாவுக்கு நல்வாழ்த்துகள்" என்று மலையாளத்தில் எழுதினார். வழக்கப்படி எல்லோரும் பக்கெட்டைத் தேடினார்கள்.

டாக்ஸி ஸ்டாண்டு வரை நான்தான் அவரோடு போனேன். அட்டைப்பெட்டியை ஏற்றிவிட்டு நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கி, "கண்ணு, உன்ற புள்ளைங்களுக்கு என்ன அனுப்பியிருக்கறே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

உங்களுக்கு நான் அனுப்பியது எதுவென்று உங்களுக்கே தெரியும். யாருடையதோ வெள்ளை லேண்ட் குரூசர் மேல் சாய்ந்துகொண்டு, கூலிங் கிளாஸ் போட்டு, ரூம்காரனின் கோட்டோடு நிற்கிற போட்டோ. அங்கே இருந்த எல்லோரும் அப்படித்தான் எடுத்து அனுப்புவோம். அந்தக் கார் முன்னால் நிற்க வரிசையே இருக்கும்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைத்தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குள் போனேன். கடைக்காரர் அருவிப் படம் போட்ட திரையை இறக்கினார். வேண்டாம் என்றேன். கோட்டு கொடுத்தார். வேண்டாம் என்றேன். முகத்துக்குப் பவுடரும் சீப்பும் நீட்டினார். டூட்டி சட்டையோடு, புருவத்தில் கிரஷர் தூசியோடு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது அப்போது உங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"ரெடியா?" என்றார்.

எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றுதான் போனேன். விளக்கு எரிந்த நொடியில் கண்ணை மட்டும் இரண்டு கோலிக்குண்டு மாதிரி பெரிதாக விரித்துக்கொண்டேன். அது ரோமாபுரி அண்ணனுக்காக.